ட்ராய்மெரை கடைசியில் வரட்டும்

உங்கள் வீட்டில் ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஒன்றரை வருடமாகக் கீபோர்டு கற்கிறாள். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் புகழ்பெற்ற பியானோ துண்டான ‘ட்ராய்மெரை’யைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் இருவரும் எழுந்து ஓடிவிடுகிறார்கள். இவர்களுக்கு ஷூமனை எங்கிருந்து தொடங்கிக் காட்டுவது? இதுதான் கேள்வி.

அவர்கள் எழுந்து ஓடுவதில் தவறே இல்லை. ட்ராய்மெரை என்றால் கனவில் ஆழ்தல். இரண்டரை, மூன்று நிமிடம் மெதுவாக நகரும் இசை. கைதட்டத் தாளம் கிடையாது, கதை கிடையாது. ‘கிண்டர்ஸேனன்’ (குழந்தைப் பருவக் காட்சிகள்) என்ற பதின்மூன்று துண்டுகள் கொண்ட வரிசையில் ஏழாவதாக வருகிறது. பெயரில் குழந்தை இருப்பதால் பெற்றோர் பலர் இதைக் குழந்தைகளுக்கான இசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1838இல் ஷூமன் இதை எழுதியபோது அவருக்கு வயது 27. திருமணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. வளர்ந்த ஒருவர் தன் சிறுவயதைத் திரும்பிப் பார்க்கும் இசை இது. திரும்பிப் பார்க்க ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

குழந்தைகளுக்கென்றே அவர் எழுதியது பத்து வருடம் கழித்து. 1848இல் அவர் ட்ரெஸ்டன் நகரில் குடும்பத்தோடு இருந்தார். மூத்த மகள் மரீக்கு செப்டம்பர் 1ஆம் தேதி ஏழு வயது நிறைந்தது. அதற்குப் பிறந்தநாள் பரிசாகச் சில சிறு துண்டுகளை எழுதிக் கொடுத்தார். அடுத்தவள் எலீஸுக்கு அப்போது ஐந்து வயது. உங்கள் வீட்டுக் கணக்கோடு கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது! பியானோ வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் பாடங்கள் மட்டமாக இருப்பதால்தான் ராபர்ட்டுக்கு இந்த யோசனை வந்தது என்று அவர் மனைவி கிளாரா குறித்து வைத்திருக்கிறார். சில வாரங்களில் அது 43 துண்டுகளாக வளர்ந்தது. இன்று ‘ஆல்பம் ஃபார் தி யங்’ என்று தேடினால் கிடைப்பது அதுதான். முதல் 18 துண்டுகள் சிறியவர்களுக்கு, மீதி கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு என்று அவரே பிரித்திருக்கிறார். இரண்டு தொகுப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் அவரே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே தொடக்கம் இந்த ஆல்பத்தில். கிண்டர்ஸேனன் அதற்கு அப்புறம். ட்ராய்மெரை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

முதல் துண்டாக எட்டாம் எண்ணைப் போடுங்கள். பெயர் ‘முரட்டுக் குதிரைக்காரன்’. பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மொத்தம் 24 பார் (பார் என்பது நம் ஆவர்த்தனம் போலத் தாளத்தின் ஒரு சுற்று), திரும்ப வரும் பகுதிகளைச் சேர்த்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் தடவை சும்மா கேட்கட்டும். இரண்டாம் தடவை, “இதுல யார் என்ன பண்றாங்க?” என்று கேளுங்கள். ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், பூனை எலியைத் துரத்துகிறது என்று எது வந்தாலும் சரி. மூன்றாம் தடவை எழுந்து அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு தலைப்பைச் சொன்னால் போதும். பூனை என்று சொன்ன பிள்ளையைத் திருத்த வேண்டாம். கிண்டர்ஸேனனின் தலைப்புகளை ஷூமன் இசையை எழுதி முடித்த பிறகுதான் வைத்தார். தலைப்பு அவருக்கு விடைத்தாள் இல்லை, ஒரு ஜாடை, அவ்வளவுதான்.

இந்தத் துண்டில் சிறு பிள்ளையும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. முதல் எட்டுப் பாரில் மெட்டு வலக்கையில், ஏ மைனர் கார்டின் சுரங்களில் துள்ளி ஏறும் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்). அடுத்த எட்டில் அதே மெட்டு இடக்கைக்கு இறங்கி எஃப் மேஜர் என்ற வேறு சுர அமைப்புக்கு மாறிவிடும். கடைசி எட்டில் பழையபடி மேலே. “குதிரை எப்ப கீழ போச்சு? எப்ப திரும்பி வந்துச்சு?” என்று கேட்டு, கீழே போகும்போது உட்காரவும் மேலே வரும்போது எழவும் சொல்லுங்கள். இரண்டு நாளில் ஐந்து வயதுப் பிள்ளை தப்பாமல் செய்யும். மெட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் என்பதைப் புரிந்துகொள்வது பியானோ இசையைக் கேட்கக் கற்றுக்கொள்வதில் பாதி வேலை. கை தெரியும்படி எடுத்த காணொளி கிடைத்தால் அதை மூன்றாம் தடவைக்கு மேல் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் கண் வேலை செய்யும், காது தூங்கிவிடும்.

ஒரு நாளைக்கு ஒரே துண்டு, மூன்று தடவை, மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் அதையே ஒரு தடவை போட்டுவிட்டுப் புதியதைத் தொடங்கலாம். சாப்பிடும்போதும் வீட்டுப்பாடம் எழுதும்போதும் பின்னணியில் ஓடவிடுவது இங்கே உதவாது. ஷூமனின் துண்டுகள் குட்டையானவை. கவனம் திரும்புவதற்குள் முடிந்துபோகும். இன்னொரு பொதுவான தவறு, முடிந்ததும் “பிடிச்சிருக்கா?” என்று கேட்பது. ஆம், இல்லை என்பதற்கு மேல் பதில் வராது. எங்கே சத்தம் கூடியது, எங்கே நின்றது, எத்தனை தடவை அதே மெட்டு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து பத்தாம் எண், ‘வேலை முடிந்து திரும்பும் மகிழ்ச்சியான உழவன்’. வயலின் கற்கும் பிள்ளைகள் இதை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், சிறுவர்களுக்கான சுசுகி பயிற்சி முறையின் முதல் வயலின் புத்தகத்தில் இருக்கிறது. பியானோவில் மெட்டு தொடக்கம் முதலே இடக்கையில். உழவன் ஆண்குரலில் பாடிக்கொண்டு வருகிறான். நடுவில் இரண்டு இடங்களில் வலக்கையும் சேர்ந்து அதே மெட்டை மேலே இசைக்கும். “கூட யாரோ சேர்ந்து பாடறாங்க, யாரு?” என்று கேட்டால் பிள்ளைகள் அவனுடைய மகனையோ மகளையோ கொண்டுவருவார்கள்.

இரண்டாம் எண் ‘படைவீரர் நடை’ கால் போட்டு நடக்க ஏற்றது. ஆனால் நடக்கவிடுவதோடு நிறுத்தாமல், இசை மௌனமாகும் குட்டி இடைவெளிகளில் காலும் உறைய வேண்டும் என்று விதி வையுங்கள். பன்னிரண்டாம் எண் ‘க்னெஹ்ட் ரூப்ரெஹ்ட்’ பயங்காட்டி. ஜெர்மனியில் டிசம்பர் 6 நிக்கோலஸ் திருநாளை ஒட்டிப் பரிசு கொடுக்க வரும் நிக்கோலஸோடு, மூட்டையும் பிரம்புமாக ஒரு ஆள் வருவார். பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்களா என்று விசாரிப்பது அவர் வேலை. இந்தச் செய்தியைச் சொன்ன பிறகு, இரண்டு கைகளும் அடிக்குரலில் சேர்ந்து உறுமும் அந்தத் தொடக்கத்தைப் போட்டால் சின்னவன் உங்கள் மடிக்கு வந்துவிடுவான். இங்கு மட்டும் தலைப்பை முதலில் சொல்வது நல்லது. ரூப்ரெஹ்ட் யாரென்று தெரியாத நம் பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தமாகப் போய்விடும்.

ஓட்டமும் நடையும் பழகிய பிறகு பதினாறாம் எண்ணுக்குப் போங்கள், ‘முதல் இழப்பு’. ஈ மைனரில் தனியாக இறங்கும் மெட்டு, முடியும் தறுவாயில் திடீரென்று இரண்டு கையும் கோபமாக அழுத்தும் கார்டுகள். சோகம் நடுவில் கோபமாக வெடிக்கும் என்பது பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட நன்றாகத் தெரியும். எதை இழந்தான் என்று அவர்களே சொல்லட்டும். பொம்மை, பென்சில், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்று வரும். “அழாதே” என்று முடித்துவைக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இந்த ஐந்தும் மூன்று வாரத்துக்குப் போதும். அப்புறம் கிண்டர்ஸேனன். வரிசையாக வேண்டாம். மூன்றாவது துண்டு ஒளிந்து பிடிக்கும் ஓட்டம், அரை நிமிடம்கூட வராது. ஒன்பதாவது ‘குச்சிக் குதிரை வீரன்’. நம் ஊர்ப் பொய்க்கால் குதிரை இல்லை. ஒரு குச்சியின் நுனியில் குதிரைத் தலை, அதைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடும் பிள்ளை. துடைப்பத்தைக் கொடுத்தால் போதும். பதினொன்றாவது ‘பயமுறுத்தல்’ நல்ல விளையாட்டு: மெதுவான மெட்டு ஒன்று, நடுநடுவே வேகமாகப் பாயும் பகுதிகள். வேகத்தில் ஓடி, மெதுவாகும்போது சிலையாக நிற்க வேண்டும்.

நாலாவதும் பன்னிரண்டாவதும் தனியாகச் சொல்ல வேண்டியவை. நாலாவது ‘கெஞ்சும் குழந்தை’. டி மேஜரில் இருக்கும் துண்டு தன் ஆதார சுரத்துக்குத் திரும்பாமலே, ஏ செவன்த் கார்டில் தொங்கலாக நின்றுவிடும். பாட்டு ஷட்ஜத்துக்கு வராமல் நின்றால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி. அங்கே ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, “கேட்டது கிடைச்சுதா?” என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். பிறகு அடுத்த துண்டான ‘போதுமான மகிழ்ச்சி’யை ஓடவிடுங்கள், அது டி மேஜரில் வந்து இறங்கும். பெரியவர்களுக்கு அரை மணி நேரம் விளக்கினாலும் புரியாத இசைக் கோட்பாடு ஒன்று பத்து நொடியில் உள்ளே போய்விட்டது. பன்னிரண்டாவது ‘தூங்கிப்போகும் குழந்தை’யிலும் இதே குறும்பு. ஈ மைனரில் தொடங்கி, வீட்டுக்குத் திரும்பாமல் ஏ மைனர் கார்டில் நின்றுவிடுகிறது. பாட்டு முடியும் முன்னே குழந்தை தூங்கிவிட்டது. இரவில் விளக்கை அணைத்த பிறகு இதைப் போடுங்கள். வேறு நேரத்தில் வேண்டாம்.

இனி வாசிப்பது. ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கற்ற எட்டு வயதுப் பெண் ஆல்பத்தின் முதல் துண்டான ‘மெலடி’யில் தொடங்கலாம். அடுத்து இரண்டாவதும் ஐந்தாவதும். குதிரைக்காரனும் உழவனும் அதற்குப் பிறகு. எண் வரிசைதான் கடின வரிசை என்று நம்பிவிட வேண்டாம். நாலாவதான ‘கோரல்’ பார்க்க எளிது. ஆனால் நான்கு குரல்களையும், அதாவது ஒன்றாக ஒலிக்கும் நான்கு மெட்டுகளையும், கட்டையை விடாமல் ஒட்டி ஒட்டிப் பிடிக்க வேண்டும். சின்ன விரல்கள் அதில் தவிக்கும்.

குதிரைக்காரனில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் பிழை, கேட்ட வேகத்திலேயே முதல் நாள் வாசிக்கப் பார்ப்பது. மணிக்கட்டு இறுகும், துள்ளல் சுரங்கள் அடியாக மாறும், ஒன்பதாவது பாரில் மெட்டு இடக்கைக்கு மாறும்போது கை நின்றுவிடும். எனவே ஒன்பது முதல் பதினாறு வரையுள்ள பார்களை முதலில் கற்றுக்கொடுங்கள். இடக்கை பலவீனம் என்பதால் அதற்குத்தான் அதிக நாள் வேண்டும். பிறகு எட்டாவது பாரின் கடைசித் தாளத் தட்டையும் ஒன்பதாவதின் முதல் தட்டையும் மட்டும் ஒட்டிப் பத்துத் தடவை. அந்த ஒட்டு சரியானால் மற்றவை தானாக வந்துவிடும்.

உழவனில் கோளாறு வேறு. வலக்கைக் கார்டுகள் தட்டுக்கு வெளியே விழுகின்றன. வலக்கை வலுவானது, மெட்டை அமுக்கிவிடும். கேட்பவருக்கு உழவன் காணாமல்போய் ‘சக் சக்’ என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். முதலில் இடக்கை மட்டும், வாயால் பாடிக்கொண்டே. அடுத்து இடக்கை வாசிக்க, வலக்கை கட்டைகளைத் தொட்டு மட்டும் பார்க்கட்டும், அமுக்கக் கூடாது. மூன்றாவதாக அந்தத் தொடுதலில் கொஞ்சம் எடையைச் சேர்க்கச் சொல்லுங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டிக்காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு வாரம், பிறகு நாளுக்கு நாலு புள்ளியாக ஏற்றலாம். பதிப்புகளில் காணும் வேகம் 116. அதை எட்ட அவசரமே இல்லை. இன்னொன்று, பாட்டு முதல் தட்டில் தொடங்குவதில்லை, அதற்கு முன்னால் ஒரு சுரம் நீட்டிக்கொண்டிருக்கும். கர்நாடக இசையில் அதீத எடுப்பு என்பார்களே, அதே சங்கதி. பிள்ளை அந்த முன்சுரத்தையே முதல் தட்டாக எண்ணி அழுத்தினால் பாட்டு முழுதும் நொண்டும். முழு ஒரு பார் வாய்விட்டு எண்ணிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

சுருக்கப்பட்ட ‘ஈஸி’ பதிப்புகளைத் தவிருங்கள். பல பதிப்புகளில் உழவனின் மெட்டை வலக்கைக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்தத் துண்டில் கற்க வேண்டிய ஒரே விஷயமே போய்விட்டது. அசல் சுரத்தாள் காப்புரிமை முடிந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அசலை வாசிக்க இன்னும் கை வரவில்லையென்றால் ஆறு மாதம் காத்திருப்பது மேல்.

61 கட்டைக் கீபோர்டில் இவற்றை வாசிக்கலாம். ஆனால் விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் வசதி இருக்க வேண்டும். பல கருவிகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அமைப்புகளில் ‘டச்’ என்பதைத் தேடிப் போடுங்கள். அது இல்லாத கருவியில் உழவனின் மெட்டையும் கார்டையும் பிரித்துக் காட்டவே முடியாது. தானியங்கித் தாளம் கூடாது. சுரத்தை நீட்டி ஒலிக்கவைக்கும் காலால் மிதிக்கும் பெடல் இந்தத் தொடக்கத் துண்டுகளுக்குத் தேவையில்லை, இருந்தால் பிசகை மறைக்கத்தான் பயன்படும்.

கருவியே தொடாத சின்னவனுக்கும் ஒரு வேலை உண்டு. ஆல்பத்தின் மறுபதிப்போடு ஷூமன் இளம் இசைக்கலைஞர்களுக்கான அறிவுரைகளையும் சேர்த்தார். அதில் முதலாவது காது பற்றியது: மணி, ஜன்னல் கண்ணாடி, குயில் என்று எது ஒலித்தாலும் அது எந்தச் சுரம் என்று கண்டுபிடி என்கிறார். குக்கர் விசில், வாசல் மணி, ஐஸ் வண்டி மணி ஒவ்வொன்றையும் கட்டையில் தேடச் சொல்லுங்கள். சத்தமில்லாத பயிற்சிக் கட்டைகளைப் பற்றி அவர் சொல்வதும் வேடிக்கை: ஊமையிடம் பேசக் கற்க முடியாது என்பது அதன் சாரம். கடினமானதைச் சுமாராக வாசிப்பதைவிட எளியதை அழகாக வாசிப்பது நல்லது என்கிறார். கிரேடு தேர்வுக்கு ஓடும் பெற்றோர் இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

எழுத்து விளையாட்டும் அவருக்குப் பிடிக்கும். ஆல்பத்தின் 41ஆவது துண்டு ‘வடநாட்டுப் பாடல்’, டென்மார்க் நண்பர் நீல்ஸ் காடேக்கு ஒரு வணக்கம். நண்பரின் பெயரெழுத்துகளான ஜி, ஏ, டி, ஈ நான்கும் சுரங்களாகி மெட்டைத் தொடங்கும். ஆங்கில எழுத்தில் தேவா என்று எழுதினால் டி, ஈ, ஏ கிடைக்கும். சுரமாகாத எழுத்தை விட்டுவிடலாம். ஜெர்மன் வழக்கப்படி ஹெச் என்றால் பி சுரம், எஸ் என்றால் ஈ ஃப்ளாட். மூத்தவள் தன் பெயரில் ஒரு நாலு சுர மெட்டு கண்டுபிடித்துவிட்டால், அன்றைக்கு ஷூமன் உங்கள் வீட்டு ஆள்.

வாழ்க்கைக் கதையை இவ்வளவுக்கும் பிறகு சொன்னால் போதும், அதுவும் துணுக்குத் துணுக்காக. 1810இல் ஸ்விக்காவ் ஊரில் புத்தக வணிகர் மகனாகப் பிறந்தார். அதனால்தான் இவ்வளவு கதைத் தலைப்புகள் போலும். பியானோ வித்வானாக ஆசைப்பட்டவருக்கு வலக்கை விரல் பழுதானது, மேடைக் கனவு முடிந்தது. அவர் இசையை ஊர் ஊராக எடுத்துச் சென்றவர் கிளாரா, ஐரோப்பாவின் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவர். ஜெர்மனியின் பழைய 100 மார்க் நோட்டில் அவர் முகம் இருந்தது. கிளாராவின் அப்பா திருமணத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் நீதிமன்றம் வரை போய், 1840இல் கிளாராவின் 21ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள் திருமணம் நடந்தது. இந்தக் கதை எட்டு வயதுக்காரிக்கு மிகவும் பிடிக்கும். கடைசிக் காலத்தைக் கேட்டால் மறைக்க வேண்டாம். மனநோய் வந்தது, இரண்டு வருடத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தார், 46 வயதில் இறந்தார். இந்த வயதுக்கு அவ்வளவு போதும். 1854இல் ரைன் நதியில் குதித்ததை எல்லாம் பதின்ம வயதில் தானே படித்துக்கொள்வாள். அந்தச் சோகத்தை முன்னால் வைத்து இசையைக் கேட்க வைத்தால், பிள்ளைகள் குதிரைக்காரனிலும் அழுகையைத் தேடுவார்கள்.

கடைசியாக ட்ராய்மெரை, ஒரு வருடம் கழித்தே வரட்டும். வாசிக்க அல்ல, கேட்க. விரிந்த கார்டுகளும் பின்னிச் செல்லும் நான்கு குரல்களும் சின்னக் கைக்கு எட்டாது. பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1986இல் மாஸ்கோவில் வாசித்த காணொளி இருக்கிறது, அரங்கில் ஒருவர் கண்ணீர் விடுவதும் அதில் தெரியும். விரலைத் தட்டையாக நீட்டி அவர் வாசிப்பதை மூத்தவள் பார்த்துப் பழகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு பியானோ கலைஞரான மார்த்தா ஆர்கெரிச்சின் ஒலிப்பதிவைப் போட்டு இரண்டுக்கும் நேரம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் பதிப்பில் அச்சான மெட்ரோனோம் எண் 100, வாசிப்பவர்களோ பெரும்பாலும் அதைவிட மிக மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று வீட்டில் சண்டை போடலாம்.

கேட்கும்போது ஒரே ஒரு வேலை கொடுங்கள்: மெட்டு ஏணியில் ஏறும் இடங்களில் கையை உயர்த்துவது. முதல் ஏற்றம் மேல் எஃப் சுரத்தில் நிற்கும். அடுத்தது அதையும் தாண்டி ஏ சுரத்தைத் தொடும். முடிவுக்குச் சற்று முன்னால் மறுபடி அதே ஏ வரும், ஆனால் கீழேயிருக்கும் கார்டு மாறியிருக்கும், வாசிப்பவரும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவார். அங்கே கை மேலேயே இருக்கட்டும், இசை இறங்கும்போது தானாக இறங்கும்.